அமைதினைக் கண்டுபிடித்தவள்

மூன்று வருடம், வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஏழு மணிக்கு நான் ஆட்டு மூளை வாங்கப் போனேன். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு. சாப்பிட இல்லை என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினால், தெரிந்தவர்கள் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நான் உயிர்வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்று கூசாமல் சொல்லிக்கொண்டபோது எனக்கு வயது முப்பத்து நான்கு. என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், சிலருக்கு முன்வழுக்கையும் விழுந்துவிட்டது. நான் மட்டும் பழைய அடையாள அட்டையில் பழைய புகைப்படத்தோடு போய்வந்துகொண்டிருந்தேன். வாயிற்காவலர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். பிறகு மறுபடி அட்டையைப் பார்ப்பார். "உங்க தங்கச்சியா?" என்று ஒருநாள் கேட்டார்.

இறைச்சிக்கடை அண்ணனிடம் முதல்நாள் போனது நன்றாக நினைவிருக்கிறது.

"எத்தனை வேணும்?"

"பன்னிரண்டு."

"விருந்தா?"

"இல்லண்ணே, ஆராய்ச்சி. மூளை எப்படி அமைதியாகுதுன்னு பார்க்கிறோம்."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "வெட்டினா தானா அமைதியாயிடும்மா. அதுக்கு எதுக்குப் படிப்பு?"

அந்தக் கேள்விக்கு அன்று சிரித்தேன். பின்னால் பல நாள் குளிர் அறையில் தனியாக நின்றபோது, அதைவிடக் கூர்மையான கேள்வியை எந்த நிபுணர் குழுவும் என்னிடம் கேட்கவில்லை என்று தோன்றியிருக்கிறது.

நான் படித்தது காபா என்ற பொருளைப் பற்றி. மூளையில் ஒரு செல் இன்னொன்றைத் தூண்டிக்கொண்டே இருக்கும். தூண்டுவதற்கு ஆள் இருப்பதுபோல் அடக்குவதற்கும் ஆள் வேண்டும். அந்த அடக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது காபா. அது இல்லாவிட்டால் மூளைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அது வலிப்பில் போய் முடியும். பதற்றத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பல, காபாவுக்குக் கைகொடுப்பவைதான். காபா வந்து உட்காருவதற்கென்று செல்லின் மேற்பரப்பில் இருக்கைகள் உண்டு. அந்த இருக்கைகளை எண்ணுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

எண்ணும் முறை எளிது. மூளையை அரைத்து, வேகமாகச் சுழற்றினால் இருக்கைகள் இருக்கும் சதை அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். நீரைக் கொட்டிவிட்டு, அடியில் இருப்பதைப் பலமுறை கழுவி, கதிரியக்க அடையாளம் போட்ட காபாவைக் கொஞ்சம் ஊற்றுவோம். எவ்வளவு ஒட்டியது என்று இயந்திரம் எண்ணிச் சொல்லும்.

ஒருநாள் கொட்ட வேண்டிய அந்தத் தெளிநீரைக் கை தவறி ஒரு குழாயில் ஊற்றிவிட்டேன். குழாயை எறிய மனம் வராமல் மற்றவற்றோடு இயந்திரத்தில் வைத்தேன். எண்ணிக்கை பாதியாக இறங்கியிருந்தது. அந்த நீரில் இருந்த ஏதோ ஒன்று, என் காபா வருவதற்குள் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அது என்ன?

யாருக்கும் முதல் சந்தேகம் காபாவின் மேல்தான் வரும். மூளையை அரைத்த நீரில் மூளையின் காபாவே இருக்காதா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. நான் அவ்வளவு முட்டாள் இல்லை. அவ்வளவு முட்டாள் ஆவதற்கு எனக்கு இன்னும் மூன்று வருடம் தேவைப்பட்டது.

காபாவை மட்டும் அழிக்கும் நொதி ஒன்று உண்டு. அது தனியாக வேலை செய்யாது. கூட ஒரு துணைப்பொருளைக் கரைத்து ஊற்ற வேண்டும். நொதி வந்த வாரமே சுத்தமான காபாவில் போட்டுப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் காபா காலி. நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். அந்த டிக்கை இன்றும் என்னால் பார்க்க முடிவதில்லை. அவ்வளவு அழகான டிக்.

ஒவ்வொரு முறையும் துணைப்பொருளை எடைபோட்டுக் கரைப்பது எரிச்சலாக இருந்தது. ஒரு பெரிய பாட்டிலில் மொத்தமாகக் கரைத்து, பெயர் ஒட்டி, குளிர்பெட்டியின் கதவில் இருந்த தட்டில் வைத்தேன். பாலும் சாறும் வைக்கிற இடத்தில். சோம்பேறித்தனத்துக்கு நான் அப்போது வைத்திருந்த பெயர் திட்டமிடல்.

இரண்டு மாதம் கழித்து மூளை நீரில் நொதியையும் துணைப்பொருளையும் ஊற்றினேன். காபா அழிந்திருக்க வேண்டும். ஆனால் நீரின் வேலை கொஞ்சமும் குறையவில்லை. அப்படியானால் அது காபா இல்லை. அப்படியானால் அது வேறு ஏதோ. அப்படியானால் அதை முதலில் பார்த்தவள் நான்.

பேராசிரியரிடம் ஓடினேன். அவருக்கு ஓய்வுபெற நான்கு வருடம் பாக்கி. அதட்டிப் பேசாத மனுஷி. என் நோட்டை மேலிருந்து கீழாகப் படித்தார், பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார்.

"காபா இல்லைன்னு உறுதியா?"

"என்ஸைம் போட்டுட்டேன் மேடம்."

"அப்போ இது மூளையே தயாரிக்கிற வேற ஒண்ணு." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பேர் யோசிச்சியா?"

யோசிக்காமலா? படியேறி வரும்போதே வைத்துவிட்டேன். வேதிப்பொருளுக்கு உரிய மரியாதையோடு, கடைசியில் ஓர் 'இன்' சேர்த்து. "அமைதின், மேடம்."

அவர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "நல்லாதான் இருக்கு."

அன்றிலிருந்து மூன்று வருடம் அமைதினைச் சுத்தப்படுத்துவதே என் வாழ்க்கை. குளிர் அறையில் கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச்சொட்டாக வடிவதை நூறு சிறு குழாய்களில் பிடிப்பேன். எந்தக் குழாயில் அமைதின் இருக்கிறது என்று தேடுவேன். மற்றதைக் கொட்டுவேன். மறுபடி வேறு குழாயில் வடிப்பேன். ஒவ்வொரு கட்டத்திலும் பழைய பாட்டிலிலிருந்து துணைப்பொருளை ஊற்றி, நொதி போட்டு, 'காபா இல்லை' என்று எழுதிக்கொள்வேன். வடியும்போது காபா எந்த இடத்தில் வெளியே வருமோ, அதே இடத்தில்தான் அமைதினும் வந்தது. அதையும் கவனித்தேன். கவனித்து, 'காபாவுக்கு நெருங்கிய சொந்தம் போலும்' என்று நோட்டில் எழுதிவைத்தேன். முகஜாடை, நடை, குரல் எல்லாம் ஒன்றாக இருக்கும் ஒருவன் எதிரே வந்து நின்றால், 'நீங்க அவருக்குத் தம்பியா?' என்று கேட்கும் ரகம் நான்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் கிரீஸ் வாடையோடு அவரும், மூளை வாடையோடு நானும் கிளம்புவோம். எங்கள் இருவர் துணியையும் தனித்தனியாகத்தான் துவைக்க வேண்டும் என்று அத்தை, அதாவது என் மாமியார், சட்டம் போட்டிருந்தார். என் ஆராய்ச்சியைப் பற்றி அவருக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. "இது எப்பம்மா முடியும்?"

முடியப்போகிற மாதிரிதான் தெரிந்தது. மூன்றாம் வருடக் கடைசியில், உப்புத்தூள் அளவுக்கு வெள்ளையாக ஒரு பொருள் சிறு குப்பியின் அடியில் நின்றது. மூவாயிரம் ஆடுகளின் மூளையிலிருந்து எடுத்தது. பேராசிரியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளியூரில் நடக்கும் மாநாட்டில் நான் பேசுவதற்குப் பெயர் கொடுத்தார். பல்கலைக்கழகச் செய்தித்தாளில் அரைப் பக்கம் வந்தது: 'மூளையின் இயற்கையான அமைதிப்பொருள்: நம் மாணவி கண்டுபிடிப்பு.' புகைப்படத்தில் குப்பியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதற்குள் எதிர்காலம் தெரிவதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குப்பியில் இருந்தது வெறும் தண்ணீர். உண்மையான அமைதினை வெளியே எடுக்கப் பயம்.

அத்தை அந்தச் செய்தியைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் படம்பிடித்து அனுப்பினார். பிறகு தனியாக என்னிடம் வந்தார்.

"கடைல எப்போ வரும்மா?"

"அதுக்கெல்லாம் இன்னும் பல வருஷம் ஆகும் அத்தை."

"வந்தா எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உன் நாத்தனாருக்கு. அவளுக்குத்தான் முதல்ல வேணும்."

இறைச்சிக்கடை அண்ணன் ஒரு படி மேலே போனார். செய்தியை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, தராசுக்கு மேலே ஒட்டினார். அடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்: 'இந்தக் கடை மூளையில் கண்டது.'

மாநாட்டுக்கு ஐந்து வாரம் இருந்தது. அமைதினின் எடையை அளந்து சொன்னால் அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்கப் பாதி வழி வந்துவிடும். அடுத்த கட்டடத்தில் எடை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர், பேச்சுக்குக் கணக்குவைத்துப் பேசுபவர். அமைதினில் ஒரு துகளைக் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை உருவி நீட்டினார்.

"நூத்தி மூணு."

"வேற எதுவும் இல்லையா சார்?"

"சுத்தமா இருக்கு. நூத்தி மூணு மட்டும்தான்." பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். "காபாவும் நூத்தி மூணுதானே?"

"ஆமா சார். ஆனா அதே எடையில வேற பொருளும் நிறைய இருக்கு."

"இருக்கு," என்றார்.

அந்த 'இருக்கு'வில் இருந்த இரக்கத்தை நான் அன்று கவனிக்கவில்லை. வழிநெடுக நூற்று மூன்று எடையுள்ள மற்ற பொருள்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நான்கு விரல் மடங்கியது. ஐந்தாவது விரல் காபா. அந்த விரலை மடக்காமல் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். காபாவின் எடையே அமைதினுக்கும் இருக்கிறது, ஆனால் அது காபா இல்லை, எவ்வளவு அதிசயம் பார்த்தீர்களா என்று.

அவர் சாப்பிடுவதை நிறுத்தாமல் கேட்டார். "காபா இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"அதை அழிக்கிற என்ஸைம் போட்டேன். அழியல."

"அந்த என்ஸைம் வேலை செய்யுதா?"

"செய்யுது. செக் பண்ணிட்டேன்."

"எப்போ?"

"முதல் வருஷம்."

கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மூணு வருஷம் முன்னாடியா?"

"ஒரு தடவை வேலை செஞ்சா செஞ்சதுதானே?"

"நேத்து பிடிச்ச பிரேக் இன்னிக்கும் பிடிக்கும்னு நான் நினைச்சேன்னா, நீ என்னை ஜெயில்லதான் வந்து பார்க்கணும். தினமும் காலைல ஆள் ஏறுறதுக்கு முன்னாடி லிஃப்ட்டைக் காலியா விட்டுப் பிரேக்கை அடிச்சுப் பார்ப்பேன். நேத்தும் பார்த்தேன், நாளைக்கும் பார்ப்பேன்."

"இது லிஃப்ட் இல்லைங்க."

"தெரியும். லிஃப்ட்டா இருந்தா நீ எப்பவோ செக் பண்ணியிருப்பே."

எனக்குக் கோபம் வந்தது. வேதியியல் தெரியாத மனுஷனிடம் எதற்குச் சொன்னேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே குளிர்பெட்டியின் கதவுத் தட்டும், அதில் ஜூஸ் பாட்டில் போல நிற்கும் என் பாட்டிலும் கண்முன் வந்தன. செருப்பை மாட்டினேன்.

"எங்கே?" என்றார் அத்தை.

"லேப்ல கேஸை அணைச்சேனான்னு பார்த்துட்டு வந்துடறேன்." அந்த லேபில் கேஸே கிடையாது.

ஞாயிறு மதியம் கட்டடத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு குழாய்தான் போட வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து சுத்தமான காபா, பெட்டியிலிருந்து நொதி, கதவிலிருந்து துணைப்பொருள். அரைமணி நேரம். நொதி வேலை செய்தால் காபா இருக்காது.

காபா முழுசாக இருந்தது. ஒரு துளி குறையவில்லை.

மறுபடி போட்டேன். மறுபடி இருந்தது. துணைப்பொருளின் தூளைப் புதிதாக எடைபோட்டுக் கரைத்தேன். அதை ஊற்றியதும் காபா காலி. குப்பியிலிருந்து அமைதினைக் கொஞ்சம் எடுத்து அதே புதுக் கரைசலைச் சேர்த்தேன். அரைமணி கழித்து அமைதினும் காலி.

நொதிக்கு ஒன்றும் இல்லை. கதவில் இருந்த துணைப்பொருள்தான் எப்போதோ செத்துப்போயிருந்தது. நான் மூன்று வருடமாகப் பிணத்தைத் துணைக்கு அனுப்பி, 'ஏன் வேலை நடக்கவில்லை? ஆஹா, புதுப்பொருள்!' என்று குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூவாயிரம் ஆடுகளின் மூளையிலிருந்து நான் வடித்தெடுத்தது, கைநீட்டினால் எட்டுகிற அலமாரியில் அரை கிலோ பாட்டிலில் இருந்த அதே பொருள்.

ஸ்டூலில் உட்கார்ந்து துணைப்பொருள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் என் கையெழுத்தில், குண்டுகுண்டாக, சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'கண்டிப்பாக உறைநிலையில் வைக்கவும்.' அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டிருந்தேன்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அதுவும் கெட்ட சிரிப்பு. பிறகு கொஞ்சம் அழுதேன். பிறகு அந்தக் குழாயை இன்னும் இரண்டு முறை போட்டேன். பழைய பாட்டில் இந்த முறையாவது வேலை செய்துவிடாதா என்றுதான்.

திங்கட்கிழமை பேராசிரியர் முன்னால் நோட்டை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்துவைத்தேன். அவரே படித்தார்.

"எத்தனை தடவை போட்ட?"

"நாலு மேடம்."

"நாலுலயும்?"

"நாலுலயும்."

அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. ஒவ்வொன்றிலும் விரலை வைத்துக்கொண்டே போனார். "இங்கே கேட்டிருக்கலாம். இங்கேயும் கேட்டிருக்கலாம். முப்பத்தாறு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒரு தடவைகூட வெறும் காபா போட்ட டியூப் எங்கேன்னு கேக்கல." நோட்டை மூடினார். "எனக்கும் வேணும்னு இருந்திருக்கு, பாத்தியா. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கிடைச்சுடுச்சுன்னு."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாநாட்டிலிருந்து விலகுவதற்கு ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் உடல்நலம், பயணச் சிக்கல், குடும்பக் காரணம், பிற என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் பொய். 'பிற' என்று போட்டால் விளக்க நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். நானும் எழுதிப் பார்த்தேன். எப்படிச் சுருக்கினாலும் நான்கு வரிக்குள் என் முட்டாள்தனம் அடங்கவில்லை. நேர்மையால் நான் மாநாட்டுக்குப் போனேன் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இல்லை. இடம் போதாமல்தான் போனேன். பேச்சின் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்: 'அமைதின் இல்லை.'

வீட்டில் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வாக்கியத்தைக் கணவர் தண்ணீரோடு சேர்த்து விழுங்கியது எனக்குத் தெரிந்தது. அத்தைதான் கேட்டார்.

"அப்போ அது ஏற்கெனவே இருக்கிற பொருள்தானா?"

"ஆமா அத்தை."

"அப்போ கடைலயே இருக்குமே. பின்னே எதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும்னே?"

இறைச்சிக்கடைக்குப் போய், அந்தச் செய்தியைக் கிழித்துவிடச் சொன்னேன்.

"ஏன்?"

"நான் கண்டுபிடிச்சது புதுசு இல்லண்ணே. உலகத்துக்கே தெரிஞ்சதுதான்."

"மூளைல இருந்து எடுத்தது உண்மைதானே?"

"உண்மைதான்."

"என் கடை மூளைதானே?"

"ஆமா."

"சுத்தமா எடுத்தீங்களா?"

"ரொம்ப சுத்தமா எடுத்தேன்."

"அப்புறம் என்னம்மா?" அடுத்தவருக்கு எடைபோட ஆரம்பித்துவிட்டார். செய்தி அங்கேயே இருந்தது.

மாநாட்டில் எனக்குக் கொடுத்த அறையில் நாற்பது நாற்காலிகள், பதினான்கு பேர். அதில் இருவர் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்ற வந்தவர்கள். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். மூன்று வருட வரைபடங்களை வரிசையாகக் காட்டினேன். பிறகு கதவுத் தட்டில் நிற்கும் பாட்டிலின் படத்தையும், அதன் பிறகு லேபிளை மட்டும் பெரிதாக்கிய படத்தையும் காட்டினேன். கைப்பேசிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நான் எதிர்பார்த்த அளவுக்கு அது வலிக்கவில்லை. கேள்வி நேரத்தில் யாரும் எழவில்லை. கடைசி வரிசையில் ஒரு தாடிக்காரர் மட்டும் பாதி எழுந்தார்.

"அந்தத் துணைப்பொருளைக் கரைச்சு வெச்சா எத்தனை நாள் தாங்கும்?"

"இப்போ என்னைக் கேட்டா, அன்னிக்குக் கரைச்சதை அன்னிக்கே கொட்டிடுவேன் சார்."

"ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும்?"

"ஃப்ரிட்ஜ்ல வெச்சுத்தான் சார் இங்கே வந்து நிக்கிறேன்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. வேறொரு ஊரில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் நடத்துபவர். எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்கு மாட்டு மூளை," என்றார். "நாலு வருஷம்."

எனக்குப் புரிந்துவிட்டது. "எடை பார்த்துட்டீங்களா சார்?"

"போன மாசம்."

"நூத்தி மூணா?"

தலையை ஆட்டினார். "நாளைக்குக் காலைல பெரிய ஹால்ல பேசறேன்."

"பேர் வெச்சிட்டீங்களா?"

அவர் கலக்குவதை நிறுத்தினார். "என் பொண்ணு பேரை வெச்சிருக்கேன். ஒன்பது வயசு. அவ ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா."

நான் அமைதின் என்று வைத்ததோடு நிறுத்தியதற்கு அன்றுதான் முதல்முறையாக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"லேப்ல யாராவது இருப்பாங்களா? ஒரே ஒரு டியூப் சார். வெறும் காபா, உங்க என்ஸைம், உங்க பழைய பாட்டில்."

அவர் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் 'இப்பவேவா சார்?' என்று கேட்டது எனக்கே கேட்டது. அரைமணி நொதிக்கு, ஒரு மணி எண்ணுவதற்கு. அந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் அந்த மேசையை விட்டு எழவில்லை. மூளை வாங்கிய கடைகளைப் பற்றியும் குளிர் அறையைப் பற்றியும் பேசினோம். அவருக்கும் அது காபா வருகிற இடத்திலேயே வடிந்திருக்கிறது. அதற்கு அவர் நோட்டில் என்ன எழுதினார் என்று கேட்டேன். "'வியப்பான ஒற்றுமை'ன்னு எழுதினேன்," என்றார். என் 'நெருங்கிய சொந்த'த்தைச் சொன்னேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தொலைபேசி அடித்தது. கேட்டார். "முழுசா இருக்கா? சரி. இல்லம்மா, உன் தப்பு இல்ல. வீட்டுக்குப் போ." வைத்துவிட்டு, கைக்குட்டையால் முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார்.

என் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். எழுந்து போய் அவருக்கு இன்னொரு தேநீர் வாங்கிவந்து வைத்தேன்.

"முதல்ல பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்," என்றார். "இல்லேன்னா தைரியம் போயிடும்."

என் முன்னாலேயே பேசினார். அது ஏற்கெனவே இருந்த பொருள்தான், அப்பா சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று நேராகச் சொன்னார். பிறகு குழந்தை ஏதோ கேட்டது. அவர் முகம் மாறியது.

"ஆமாம்மா, இனிமே அந்தப் பேர் உனக்கு மட்டும்தான்," என்றார்.

"என்ன சொன்னா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"'அப்போ என் பேரை எனக்கே திருப்பித் தந்துடுவியா'ன்னா. இத்தனை நாள் அவளுக்கு அது பிடிக்கவே இல்லையாம். மூளைல இருக்கிற அழுக்கு மாதிரி இருக்குன்னு கிளாஸ்ல கிண்டல் பண்ணாங்களாம்."

மறுநாள் பெரிய அரங்கில் முந்நூறு பேருக்கு முன்னால், என் லேபிள் படத்தைக் கேட்டு வாங்கி, அதைத் தன் பேச்சின் கடைசியில் காட்டினார். பேச்சு முடிந்து கீழே இறங்கியதும் அவரைச் சுற்றி ஆறேழு பேர் கூடினார்கள். யாரும் பாராட்டவில்லை. எல்லோரும் தாழ்ந்த குரலில், துணைப்பொருளை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

அந்தக் குழாயைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டே பக்கம். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். என் ஆய்வேட்டில் மூன்று வருடம் ஓர் அத்தியாயமாகச் சுருங்கியது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த நிபுணர் அந்த அத்தியாயத்தை மட்டும் பிரித்துவைத்துக்கொண்டு, "இதை வைக்காமலே விட்டிருக்கலாமே, ஏன் வெச்சீங்க?" என்று கேட்டார்.

"எடுத்துட்டா மிச்சம் முப்பது பக்கம்தான் சார் வருது," என்றேன்.

பேராசிரியர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.